ஒரு தட்டு, ஒரு நபர்

அலைக்கொடி வலைநூல் கம்பெனி தன் விற்பனை ஊழியர்களின் வயிற்றுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டது ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு. இராமநாதபுரத்தில் ஓர் ஓட்டலின் ஏசி அரங்கில் அதற்காக விழா எடுத்தார்கள். சென்னைத் தலைமையகத்திலிருந்து தலைமை நல அலுவலர், துணை நல அலுவலர், மனிதவள மேலாளர், செயலியைச் செய்த பொறியாளர் என நால்வர் காரில் வந்து இறங்கினார்கள். ஐந்தாவதாக உணவு ஆலோசகர் கோகிலா வந்தார். அவர் மட்டும் பேருந்தில் வந்தார்.

குத்துவிளக்கை ஏற்றிவிட்டுத் தலைமை நல அலுவலர் மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே! ஊர் ஊராகப் போய் வலை விற்கிறீர்கள். போன இடத்தில் கிடைத்ததைச் சாப்பிடுகிறீர்கள். அதனால் சர்க்கரை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு. நீங்கள் படுத்துவிட்டால் யாருக்கு நஷ்டம்? கம்பெனிக்கு! உங்கள் உடம்பு உங்களுடையது என்ற பழைய எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பது உங்கள் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பெயர்தான் பாசம்.”

பாசத்தின் விதிகளைத் துணை நல அலுவலர் வாசித்தார். பயணத்தில் சாப்பிடும் ஒவ்வொரு வேளையையும் ‘என் தட்டு’ என்ற செயலியில் படம் எடுத்துப் போட வேண்டும். செயலி அதைப் பார்த்து மதிப்பெண் கொடுக்கும். ஆறு மாதத்தில் நாற்பதுக்குக் கீழே போனவர் பயணத்துக்குத் தகுதியற்றவர். அவரைச் சென்னை மாதவரம் குடோனுக்கு மாற்றி உட்கார வைத்துவிடுவார்கள். அதிகாரிகளுக்குச் செயலி உண்டா என்று பின் வரிசையில் யாரோ கேட்டார்கள். “நாங்கள் திட்டம் தீட்டுகிறவர்கள்” என்று பதில் வந்தது.

பிறகு ஊழியர்களுக்கு ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் முளைகட்டிய பயறு கொடுத்தார்கள். அதிகாரிகள் திரைக்குப் பின்னால் போய், ஒப்பீட்டு ஆய்வுக்காகப் பிரியாணி சாப்பிட்டார்கள்.

அரங்கில் மனதாரக் கைதட்டியவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் காதர் மைதீன். தேவிபட்டினத்துக்காரர், வயது நாற்பத்தொன்பது. தேவிபட்டினத்தில் தொடங்கி கீழக்கரை, மண்டபம், பாம்பன் வழியாக இராமேஸ்வரம் வரை இருபத்திரண்டு வருடமாக அவர்தான் அந்த லைனில் வலை விற்கிறார். எந்தக் கடையில் எந்தக் கண்ணி அளவு ஓடும், எந்த முதலாளி வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கடை திறப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கே சுற்றினாலும் சாயங்காலம் மனைவி உம்மு ஹபீபா கையால் ஒரு வாய் சாப்பிடலாம் என்பதற்காகவே அந்த லைனை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. அவருடைய வாப்பாவுக்கும் இருந்தது. வாப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூட நின்றவர் காதர் மைதீன். அதனால் ஒரு கம்பெனி தானாக முன்வந்து, “பார்த்துச் சாப்பிடு” என்று சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே தொடங்கினார். காலையில் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் படம் எடுத்துப் போட்டார். செயலி நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னது: ‘சிமெண்ட் கலவை. உண்ணத் தகாதது. மதிப்பெண் பூஜ்யம்.’ மதியம் முருங்கைக்கீரைப் பொரியல். ‘தோட்டக் கழிவு.’ மறுநாள் கணவாய் மீன் வறுவல். ‘ரப்பர் வளையம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’

அங்கீகரிக்கப்பட்ட உணவுப் பட்டியல் ஒன்றும் செயலியில் இருந்தது. அதில் முதலிடம் ஆலிவ் எண்ணெயில் வதக்கிய சால்மன் மீனுக்கு. காதர் மைதீன் அதையும் விடவில்லை. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் மீன் விற்கும் பிச்சையம்மாளிடம் போய்ப் போனில் படத்தைக் காட்டினார்.

“இந்த மீனு வருமா?”

பிச்சையம்மாள் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். “ஏங் கடல்ல இல்லாத மீனுக்கு நா எங்கிட்டுப் போக பாய்? இந்தா, வெளமீனு துள்ளிக்கிட்டு கெடக்கு. இதத் தின்னு செத்தவன் யாருன்னு ஒங்க கம்பெனியக் கேட்டுச் சொல்லுங்க, நா வியாபாரத்தையே விட்டுர்றேன்.”

சாயல்குடிப் பக்கம் லைன் பார்க்கும் வீரையாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. முதல் நாளே எங்கிருந்தோ ஓட்ஸ் கஞ்சிப் படம் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டார். மூன்று வேளையும் அதே படம். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இடது கையால் ஓட்ஸை ஏற்றிவிடுவார். இரண்டாவது மாதம் ‘மண்டலத்தின் மாண்புமிகு தட்டு’ என்ற விருது அவருக்குக் கிடைத்தது.

“நீங்களும் அதையே போடுங்க மாமா. நா அனுப்புறேன்” என்றார் வீரையா. “அவிங்க தட்டத்தான பாக்குறாய்ங்க? வயித்தயா பாக்குறாய்ங்க?”

“ஏலே, நமக்காகத்தான்லே செய்றாக. அவுகளயே ஏமாத்துனா எப்படி?”

வீரையா அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இன்னொரு பரோட்டா சொன்னார்.

இப்படி எட்டு மதிப்பெண்ணில் தத்தளித்துக்கொண்டிருந்தபோதுதான் கோகிலாவிடமிருந்து போன் வந்தது. அவருக்குச் சொந்த ஊர் உத்தரகோசமங்கை. சென்னைக்குப் போய் ஆறு வருடமாகியும் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது.

“அண்ணே, கூழு எனக்குத் தெரியாதா? அந்த மிஷினுக்குத் தெரியல, அம்புட்டுத்தான். நா கைப்பட மார்க்க மாத்தி விடுறேன். ஒரே ஒரு விசயம், எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. நல்லது கெட்டது எது தின்னாலும் வாய்ஸ்ல சொல்லிருங்க. ஒங்க தங்கச்சியா நெனச்சுக்கங்க.”

காதர் மைதீனுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அந்த வார்த்தை அவரை அப்படியே விழுங்கிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் சொன்னார். மண்டபத்தில் சீனி இல்லாமல் டீ குடித்தது, தொண்டியில் கொழுந்தியா வீட்டுக் கல்யாணத்தில் ஆசை அடக்க முடியாமல் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த இனிப்பு வட்டிலாப்பம் இரண்டு கப் சாப்பிட்டது, அதை உம்மு ஹபீபாவிடம் சொல்லாமல் விட்டது. வாப்பாவின் காலைப் பற்றியும் ஒருநாள் சொன்னார். ராத்தூக்கத்தில் தன் காலைத் தடவிப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது. “பயப்படாதீங்கண்ணே, நா இருக்கேன்” என்று கோகிலா பதில் அனுப்பினார். அந்தப் பதிலை அவர் மூன்று முறை கேட்டார்.

பலனும் இருந்தது. பொய் சொல்லக் கூடாதென்று கட்டுப்பட்டவருக்குப் பரோட்டா கடைப் பக்கம் கால் போகவில்லை. உம்மு ஹபீபா கட்டிக் கொடுத்த கூழும் மீனும் கீரையுமாக லைனைச் சுற்றினார். நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதரையிலிருந்து ஆறே முக்காலுக்கு இறங்கியது. டாக்டரே எழுந்து கை கொடுத்தார். அந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து ஆனந்தமாகச் செயலியில் போட்டார். ‘இது உணவு அல்ல’ என்று செயலி ஐந்து மதிப்பெண்ணைக் கழித்தது.

ரமலான் வந்தது. பகலில் படம் இல்லை என்று செயலி முப்பது நாளும் அலறியது. கோகிலா முப்பது நாளும் ‘நோன்பு விலக்கு’ என்று போட்டு, ஒரு மதிப்பெண்கூடக் குறையாமல் காப்பாற்றினார். கணக்கு நாற்பத்தாறில் நின்றது. லைன் பிழைத்துவிட்டது என்று காதர் மைதீன் நிம்மதியானார்.

பெருநாள் முடிந்த இரண்டாவது வாரம் ஆய்வுக் குழு வந்தது. கடற்கரை ஊழியர்கள் பயணத்தில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நேரில் கண்டறிவதுதான் நோக்கம். அதே நால்வர், கூடவே கோகிலா. இந்த முறை அவருக்கும் காரில் இடம் கிடைத்திருந்தது. காதர் மைதீன் முன் சீட்டில் உட்கார்ந்து வழி காட்டினார்.

“அண்ணே, முகம் வாடிக் கெடக்கே?” என்றார் கோகிலா.

“ஒண்ணுமில்லம்மா, ஆறு நோன்பு வக்கிறேன். ரமலான் முடிஞ்சதும் ஆறு நாளு வக்கிறது. டாக்டர்ட்ட கேட்டுக்கிட்டேன். இன்னைக்கு நாலாவது.”

“சரிண்ணே. செயலிய நா பாத்துக்கிறேன்.”

கீழக்கரையில் தாஹா மரைக்காயர் என்ற பெரிய வலை வியாபாரி வீட்டில் அன்று கல்யாணம். கம்பெனி ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவரே தெருமுனைக்கு வந்து வண்டியை மறித்துவிட்டார். “எங்க ஊருக்குள்ள வந்துட்டுச் சாப்பிடாமப் போறதாவது? எறங்குங்க, எறங்குங்க.” ஆய்வுக் குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். குழு இறங்கியது.

கோகிலாவைப் பெண்கள் பக்கம் அழைத்துப் போனார்கள். நால்வரையும் வெள்ளைத்துணி விரித்த தரையில் வட்டமாக உட்கார வைத்தார்கள். அந்த ஊர் விருந்தில் ஆளுக்கொரு இலையோ தட்டோ கிடையாது. சஹன் என்ற பெரிய தாம்பாளத்தைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். நடுவில் நெய்ச்சோறு குவித்து, மேலே ஆட்டுக்கறி அடுக்கி, சுற்றிலும் பொரித்த கோழி, தால்ச்சா, அன்னாசிப் பச்சடி, வட்டிலாப்பம் என்று சஹன் வந்து இறங்கியது. நோன்பாளியான காதர் மைதீன் கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓரமாக நின்றார்.

மூன்றாவது கவளத்தில் தலைமை நல அலுவலருக்குக் கடமை நினைவு வந்தது. “காதர், இதை ஒரு போட்டோ எடுத்துச் செயலியில ஏத்துங்க. ஆய்வு நடந்ததுக்கு ஆதாரம் வேணும்ல? எங்ககிட்டதான் செயலி இல்லையே.”

“சார், எங்கணக்குல விழுந்துருமே.”

“நாங்க நாலு பேரு சாட்சி இருக்கோம். எடுங்க.”

அவர் தயங்கினார். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபடி கோகிலா அந்தப் பக்கமாக வந்தார். காதர் மைதீன் அவர் முகத்தைப் பார்த்தார்.

“போடுங்கண்ணே, நா பாத்துக்கிறேன்.”

போட்டார். செயலியின் அறிவு எவ்வளவு பெரியதென்றால் அதற்குத் தட்டு தெரியும், ஆள் தெரியாது. எல்லா ஊரிலும் ஒரு தட்டுக்கு ஒரு நபர்தான் என்று அதற்குக் கற்பித்திருந்தார்கள். பதினோராயிரத்து இருநூற்று நாற்பது கலோரியை ஒரே மனிதர் ஒரே வேளையில் உள்ளே தள்ளிவிட்டார் என்று கண்டதும், காதர் மைதீனின் போன் ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டது. சஹனைச் சுற்றியிருந்த நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு வட்டிலாப்பத்துக்குப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து நோட்டீஸ் வந்தது. மதிப்பெண் நாற்பத்தாறிலிருந்து மைனஸ் பன்னிரண்டுக்குப் போயிருந்தது. சென்னையில் விசாரணை.

“பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்னு ஆயிப்போச்சே மாமா” என்றார் வீரையா.

“ஒண்ணும் ஆகாதுலே. தின்னவுகளே அங்க உக்காந்திருக்காக. கோகிலாம்மா வேற இருக்கு.”

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் உம்மு ஹபீபா, ராத்திரி ரயிலுக்கும் மறுநாளைக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். “உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வாங்க மச்சான். இன்ஷா அல்லாஹ், நல்லபடியா முடியும்” என்றார். இரண்டு பேருக்குமே அதில் சந்தேகம் இல்லை.

விசாரணைக் குழுவில் அதே நால்வர் இருந்தார்கள். ஓரத்து மேசையில் கோகிலா ஒரு தடித்த கோப்புடன் உட்கார்ந்திருந்தார். சுவரில் சஹனின் படத்தைப் பெரிதாக ஒளிரவிட்டிருந்தார்கள்.

மனிதவள மேலாளர் வாசித்தார்: “மேற்படி நாளில் கீழக்கரையில் மேற்படி ஊழியர் ஒரே அமர்வில் சுமார் இரண்டரைக் கிலோ நெய்ச்சோறு, ஒன்றரைக் கிலோ ஆட்டிறைச்சி, முழுக்கோழி ஒன்று, வட்டிலாப்பம் எட்டுக் கோப்பை ஆகியவற்றை உட்கொண்டுள்ளார். இது பற்றி உங்கள் விளக்கம்?”

“சார்,” என்றார் காதர் மைதீன், “அது நீங்க சாப்பிட்டது.”

தலைமை நல அலுவலர் தொண்டையைச் செருமினார்.

“நான் அங்கே இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருந்தவர் விருந்தாளி. இங்கே இருப்பவர் விசாரணை அதிகாரி. விருந்தாளிக்குத் தெரிந்ததெல்லாம் விசாரணை அதிகாரிக்குத் தெரிந்திருக்கக் கூடாது. அப்படித் தெரிந்திருந்தால் விசாரணை நடுநிலையாக இருக்காது.”

“படத்துலயே நாலு கை தெரியுது சார். உங்க மோதிரங்கூடத் தெரியுது.”

பொறியாளர் கண்ணாடியைச் சரிசெய்தார். “செயலி கைகளை எண்ணாது சார். அது அடுத்த பதிப்புல வருது.”

“ஒருவருக்கு நான்கு கை இருந்தால் அது இன்னும் கவலைக்கிடமான உடல்நிலை” என்று துணை நல அலுவலர் குறித்துக்கொண்டார்.

“சார், நா அன்னைக்கு நோன்பு. பச்சத்தண்ணி பல்லுல படல.”

“நோன்பு விலக்குப் படிவம் ரமலான் மாதத்துக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு நீங்களாக வைத்த நோன்புக்குப் படிவமே கிடையாது. படிவம் இல்லாத நோன்பை நாங்கள் எப்படி நம்புவது?”

காதர் மைதீன் திரும்பினார். “கோகிலாம்மாவுக்குத் தெரியும் சார். கார்லயே சொன்னேன். அவுகதான் போடச் சொன்னாக. நீ சொல்லும்மா.”

எல்லோரும் கோகிலாவைப் பார்த்தார்கள். கோகிலா கோப்பைப் பார்த்தார்.

“எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார்” என்றார். அந்த அறையில் அவர் பேச்சில் ஊர் இல்லை. “ஆனா ஊழியரோட வாக்குமூலங்கள் எல்லாம் தனியா பதிவாகியிருக்கு. நூத்திப் பதினேழு.”

காதர் மைதீனுக்கு முதலில் புரியவில்லை. கோப்பின் மேலட்டையில் ‘இணக்கமின்மை ஆவணம்: காதர் மைதீன்’ என்று அச்சிட்டிருந்தது. தேதி முதல் வாய்ஸ் அனுப்பிய நாள். அண்ணே என்று கூப்பிட்ட அன்றே கோப்பையும் திறந்திருக்கிறார்கள். அவர் சொன்னது எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, எண் போட்டு, நூல் கோத்து வைத்திருந்தார்கள். மனிதவள மேலாளர் படிக்கத் தொடங்கினார்.

“எண் இருபத்து மூன்று. வட்டிலாப்பத்தின்பால் தமக்குள்ள பலவீனத்தை ஊழியர் ஒப்புக்கொள்கிறார். அதை மனைவியிடமிருந்து மறைத்ததன் மூலம், தகவல்களை மறைக்கும் இயல்புடையவர் எனத் தெரிகிறது. எண் நாற்பத்தொன்று. ஊழியரின் தந்தைக்குச் சர்க்கரை நோயால் கால் அகற்றப்பட்டுள்ளது. ஊழியர் இரவில் தம் காலைத் தடவிப் பார்க்கிறார், அழுகிறார். பரம்பரை இடர் உண்டு. மனத்திடம் குறைவு. நெடும்பயணப் பணிக்கு உகந்தவரல்லர்.”

நாற்பத்தொன்றைப் படித்தபோது காதர் மைதீனுக்கு உடம்பு கூசியது. பொய்க் குற்றச்சாட்டுகூட அவ்வளவு சுடவில்லை. உம்மு ஹபீபாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை ஒரு குரலை நம்பிச் சொல்லியிருந்தார். அதை இப்போது மோதிரக் கைக்காரர் பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தார். ஆறே முக்கால் ரிப்போர்ட் அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கவே அவருக்குத் தோன்றவில்லை.

“உங்கள் நலனுக்காகவே இந்த முடிவு” என்று தலைமை நல அலுவலர் கனிவோடு சொன்னார். லைன் வீரையாவுக்கு. மண்டலத்தின் மாண்புமிகு தட்டு அவர்தானே. காதர் மைதீன் திங்கட்கிழமை மாதவரம் குடோனில் சேர வேண்டும். அங்கே கேன்டீன் கிடையாது, வாசலில் நல்ல பரோட்டா கடை இருக்கிறது, மூன்று வேளையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். குடோன் ஊழியர்கள் பயணம் செய்வதில்லை என்பதால் செயலியும் தேவையில்லை. “இனி நீங்கள் என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம், நாங்கள் கேட்கவே மாட்டோம்” என்று முடித்துவிட்டு, நால்வரும் மதிய உணவுக்கு எழுந்து போனார்கள்.

காதர் மைதீன் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். மணி இரண்டரை. உம்மு ஹபீபா கட்டிக் கொடுத்த பொட்டலத்தை அவர் காலையிலிருந்து பிரிக்கவில்லை. நல்லபடியாக முடிந்ததும் சாப்பிடலாம் என்று வைத்திருந்தார். பையின் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, தரையில் பதித்திருந்த சதுரக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்து கோகிலா வந்தார். போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

“அண்ணே,” என்றார். பழைய பேச்சு திரும்பி வந்திருந்தது. “சாப்பிட்டீங்களாண்ணே?”

காதர் மைதீன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து வெறும் வயிறு. இந்தக் கேள்விக்கு ஆறு மாதமாக ஒரு வேளை விடாமல், ஒரு கப் டீயை விடாமல் அவர் உள்ளதை உள்ளபடி பதில் சொல்லியிருக்கிறார்.

“சாப்பிட்டேம்மா” என்றார்.

கோகிலாவிடம் அவர் சொன்ன முதல் பொய் அதுதான்.